பூங்கா கேட்டு அப்பா எழுதிய மனு

மாநகராட்சிப் பூங்காவில் நின்று கல்யாணப் போட்டோ எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது எங்கள் மராத்தி ஊரின் பாணேர்ப் பகுதியில் இப்போது குடியேறியிருக்கும் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஞாயிறு காலையில் பட்டும் மாலையுமாக வந்து இறங்குகிறார்கள். காவலாளி விசில் ஊதுகிறார். "பர்மிஷன் கிதர் ஹை?" பெண் முழிக்கிறாள், பையன் செல்போனில் யாரையோ கூப்பிடுகிறான். நடக்கப் போன நான் நின்று, எந்த மாடியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். "மனுவைக் குடுக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டிடுங்க" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்ப்பேன். அதை ஏன் சொல்கிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் இதே ஊரில் தாபோடிப் பக்கம் இருந்தோம். அப்பா ராணுவக் கல்லூரியில் ஸ்டோர் கீப்பர். கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விடமாட்டார். நானும் தங்கையும் போசரித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தோம், வேறு வேறு கம்பெனி. அவள் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மராத்திப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அப்பா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. "சின்னவளச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார், சின்னவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

பிறகு ஒருநாள், காரணம் எதுவும் சொல்லாமல், "அவங்க வீட்ல வந்து பேசச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் சம்மதம். வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். கணீரென்று பேசுகிற மனுஷி. குறித்த முகூர்த்தத்துக்கு ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. பக்கத்துப் பூங்காவில் மாநகராட்சி விழா நடத்துகிற மேடை ஒன்று இருந்தது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார். மேடைக்கும் போட்டோவுக்கும் தோட்டத் துறையில் மனு கொடுக்க வேண்டும்.

அங்கேதான் அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டார். மனுவைப் பெண்ணின் அப்பா தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். "இரண்டு வருஷமாக மகளோடு பேசாத மனுஷர். நாளைக்கு மேடையில் கன்யாதானத்துக்குக் கூப்பிடும்போது எழுந்து போய்விட்டால் என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வேன்? அவர் எழுதிக் கொடுத்தால் நம்புகிறேன். இல்லையென்றால் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும், யாரும் வர வேண்டாம்" என்றார் மராத்தியில். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோடு மேடையில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இரண்டு வருஷம் காத்திருந்தாள்.

அப்பா எழுதினார். ஆபீஸில் நடத்திய இந்தி வகுப்பில் அவர் சர்ட்டிபிகேட் வாங்கியவர், அதில் ஏகப்பட்ட பெருமை. மூன்று தாள் கிழித்து நாலாவதில் முடித்தார். "குடுங்கப்பா, ஒரு தடவை பாத்துடறேன்" என்று கை நீட்டினேன். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் இந்தியும் மராத்தியும் படித்தவள். "ஏன், எனக்கு எழுதத் தெரியாதா?" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் தானே பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. மாப்பிள்ளை தோட்டத் துறைக்குப் போய் விசாரித்தார். அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். அவருடைய அம்மா "நான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

எனக்கு வாய் நீளம். அன்று சாயங்காலம் ஆபீஸ் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தேன். "ரசீது எங்கப்பா?"

"பெட்டில போடச் சொன்னாங்க. போட்டேன்."

"ஒரு போல்ட்டுக்கு மூணு கையெழுத்து வாங்கற ஆளு நீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு ரசீது வாங்காம வந்தீங்களா? யார்கிட்ட கதை விடறீங்க? இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லுங்க. குடுக்காமலே குடுத்தேன்னு சொல்லி அவ வாழ்க்கைல மண்ண அள்ளிப் போடாதீங்க!"

அம்மா "ஏய், வாய மூடுடி" என்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "குடுத்தேன்மா" என்றார். தங்கை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து, "ஜானே தோ அக்கா, விட்டுடு, ரிஜிஸ்டரே பண்ணிக்கறோம்" என்றாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மாநகராட்சிக்குப் போனேன். அப்பா பொய் சொன்னார் என்று ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான் போனேன். இப்போது ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். தபால் பதிவுப் புத்தகத்தை வைத்திருந்த குமாஸ்தா விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். அப்பா பெயர் இருந்தது! தேதியும் அவர் சொன்ன அதே தேதி. எதிரே 'சமாஜ் கல்யாண்' என்று எழுதியிருந்தது. அதாவது சமூக நலப் பிரிவு.

மேல் மாடியில் அந்தப் பிரிவில் ஓர் அம்மாள் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் தங்கைக்கு என்ன கஷ்டம்? புருஷன் விட்டுவிட்டானா? உடம்பு முடியாதவளா?" என்று பரிவோடு மராத்தியில் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனுவை வாங்கிப் படித்தேன். 'மேரீ சோட்டீ பேட்டீ கே கல்யாண் கே லியே', அதாவது சின்ன மகள் கல்யாணத்துக்கு, பூங்கா வேண்டும் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

அட ராமா! தமிழில் கல்யாணம் என்றால் கல்யாணம். இங்கே கல்யாண் என்றால் நலம். இல்லாவிட்டால் பம்பாய்க்கு முன்னால் வருகிற ரயில் ஸ்டேஷன். கல்யாணத்துக்கு இங்கே சொல்கிற 'ஷாதி' என்ற சொல் அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்க ஸ்டோரில் கேட்கிற சொல். அது கடைத்தெருப் பேச்சு, சர்க்கார் மனுவுக்கு மரியாதையான சொல் வேண்டும் என்று யோசித்து யோசித்து, மூன்று தாள் கிழித்து, இதைப் போட்டிருக்கிறார். பெட்டியைப் பிரித்தவர்கள் மகளின் நலம் என்று படித்து ஒழுங்காக நலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், பக்கத்து மேஜைக்கும் சொன்னார். பிறகு தாளைத் திருப்பிக் காட்டி, "பின்பக்கம் படித்தாயா?" என்றார்.

பின்பக்கம் இரண்டே வரி. 'லட்கா அச்சா ஹை. மை குஷ் ஹூம்.' பையன் நல்லவன். எனக்குச் சந்தோஷம்.

பூங்காவில் மேடை கேட்கிற மனுவில் இதை யார் கேட்டார்கள்? இரண்டு வருஷமாக வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத குமாஸ்தாவுக்கு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவரைத்தான் நான் பொய்யர் என்றேன். அந்த மேஜை முன்னாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். 'விவாஹத்துக்கு' என்று ஓரத்தில் குறிப்பெழுதி, தானே என்னைக் கீழே தோட்டத் துறைக்குக் கூட்டிப்போனார்.

மனுவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா முன்பக்கத்தைப் படித்துச் சிரித்தார். பின்பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "அனுமதி வராவிட்டாலும் முகூர்த்தம் நடக்கும், என் வீட்டு வாசலில் நடக்கும்" என்றார். அனுமதி நாலாம் நாளே வந்தது. காலை இரண்டு மணி நேரம், ஒலிபெருக்கி கூடாது, குழி தோண்டக் கூடாது, புல்தரையில் அட்சதை போடக் கூடாது, போட்டோ மேடையருகில் மட்டும்.

வீட்டில் அப்பாவிடம், "மேஜை மாறிப் போயிடுச்சாம்பா" என்று மட்டும் சொன்னேன். அந்த சர்ட்டிபிகேட்டுக்குப் பங்கம் வர வேண்டாம் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு நாளும் வாயெடுத்தேன், வரவில்லை. நீளமான வாய் அதற்கு மட்டும் உதவவில்லை.

முகூர்த்தத்தன்று வாசலில் காவலாளி சீட்டைக் கேட்டார். அப்பா காத்திருந்தவர் மாதிரி சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். திரும்பி வாங்கும்போது அப்படியே நின்று படித்தார்.

"நான் கல்யாண்னுதானே எழுதினேன். இதுல விவாஹ்னு போட்டிருக்கான்?"

இனி மறைக்க முடியாது. "இங்க கல்யாண்னா நல்லா இருக்கறதுப்பா. அவ நல்லா இருக்கணும், அதுக்குப் பூங்கா குடுங்கன்னு எழுதியிருக்கீங்க."

சீட்டை மடித்தார். "அதத்தாம்மா கேட்டேன்" என்றார். அதைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "நீதான் நம்பல" என்றார்.

நான் உடைந்துபோய் அழுதேன், வந்தவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி. மேடையிலிருந்து கன்யாதானத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றி என் காலடியில் விட்டு, "பாத்துக்கோ, வந்துடறேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் படியேறினார். தங்கையின் பக்கத்தில் போய் நின்று, "வெயில் அடிக்குது, இப்படித் தள்ளி நில்லு" என்று அவளிடமே சொன்னார்.

அனுமதித்த போட்டோக்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது. மேடையில் எல்லாரும் நிற்கிறார்கள். நான் மட்டும் கீழே, ஒரு ஜோடிச் செருப்புக்குப் பக்கத்தில், முகம் வீங்கி நிற்கிறேன்.