ஏழாவது படத்தின் வலது மூலை

தொழிற்சாலையில் அவரை மைக்ரான் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்காக அரை நாள் அரத்தோடு நிற்பார் என்ற கிண்டல். இருபத்தாறு வருடம் அச்சுகள் செய்தார். சீப்பு, பாட்டில் மூடி, பொம்மையின் கால் எல்லாம் அவர் அராவிய அச்சுகளிலிருந்து விழுந்தன. அச்சு சரியில்லை என்றால் அவரிடம் வருவார்கள். சரியாக வந்தால் வரைபடத்தின் வலது மூலையில் பெயர் போட்டிருக்கும் மேற்பார்வையாளரிடம் போவார்கள். எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் அந்த மூலையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்படித்தான் வந்தது.

வலது தோள் போயிற்று. வேலையும் போயிற்று. தோளுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் செய்வது என்று வீட்டின் பின்னறையில் உட்கார்ந்தார். மனைவியின் ஓடாத தையல் மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றினார். நடுவில் ஓட்டை போட்ட ஒரு இரும்பு மேசை. ஓட்டை வழியாக அரம் மேலும் கீழும் ஓடும். துண்டை மேசையில் வைத்து அரத்தின் மேல் தள்ளினால் போதும்.

கடையில் வாங்கும் அரத்தின் பற்கள், பிடி மாட்டும் வாலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். அதனால் அரத்தைத் தலைகீழாக மாட்டினார், வால் மேலே, நுனி கீழே. வாலைப் பிடிக்க மேசைக்கு மேலே வளைந்து வரும் ஒரு இரும்புக் கை வைத்தார். அரம் இறங்கும்போது வெட்ட வேண்டும். அப்போதுதான் துண்டு மேசையோடு அழுந்தி நிற்கும். ஏறும்போது வெட்டினால் துண்டைத் தூக்கி எறிந்துவிடும். படம் வரைந்தபோது இதை அவர் எழுதவில்லை. அரம் பிடித்தவனுக்கு இதைக்கூடவா சொல்வார்கள்?

பென்சிலில் வரைந்த படத்தைக் கைபேசியில் எடுத்து, வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்களின் குழுவில் போட்டார். இயந்திரத்தையும் நாலு பக்கமும் எடுத்துப் போட்டார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை இவ்வளவு போட்டோ எடுத்ததில்ல" என்றாள் மனைவி.

"நீ ஆடாம நில்லு, எடுக்கிறேன்."

குழு படத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் மேசையைச் சாய்க்கலாம் என்றார். இன்னொருவர் தூசி ஊதக் குழாய் வைத்தார். லேத் வைத்திருந்தவர் அரத்தை ஆட்டும் தண்டுக்குப் பித்தளை உறை போட்டார். ஒவ்வொரு திருத்தத்தையும் அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார், வாதாடினார், சிலதை ஒப்புக்கொண்டார். ஆறு படங்கள் ஆயின. தொழிற்சாலையில்கூட அவரிடம் இத்தனை பேர் பேசியதில்லை.

ஏழாவது படத்தைக் கணினியில் வரைந்து அனுப்பியவர் ஒரு வரைவாளர். அரம் பிடித்தறியாதவர்.

"அண்ணே, மேல இருக்கிற கை பார்க்க அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன். அரத்தைக் கீழேயே கவ்விக்கலாம். வலது மூலையில உங்க பேர் போட்டிருக்கேன், பாருங்க."

பார்த்தார். அச்செழுத்தில், கட்டத்துக்குள், முழுப் பெயர். முதலெழுத்துகூடச் சரியாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பதில் அனுப்பினார்: "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. இதையே எல்லாருக்கும் அனுப்புங்க."

அது எல்லோருக்கும் போனது.

ஐந்தாவது வாரம் மனைவியின் தம்பியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கடைத்தெருவில் பூட்டு, சாவி வேலை செய்பவன். சாவிக்காரர் யாரோ அனுப்பிய படத்தை வைத்து இயந்திரம் செய்திருக்கிறான். வால் கீழே, பற்கள் மேலே பார்த்தபடி. முதல் சாவியை வைத்ததும் அரம் அதைத் தூக்கி அடித்தது. தள்ளிக்கொண்டிருந்த வலது கை அரத்துக்குள் போனது. இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துவிட்டது.

கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான். "மாமா, உங்களுக்குச் சொல்லாம செஞ்சு காட்டலாம்னு இருந்தேன். அரத்தை மாட்டும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. உங்க பேர் போட்டிருக்கே, உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

"ஆமாடா, இவருக்குத் தெரியாதது உண்டா" என்றாள் அக்கா, இவரைப் பார்க்காமல்.

பூட்டுக்குள் இருப்பதை அவன் அந்த இரண்டு விரல்களால்தான் பார்ப்பான். இனி மடங்கும், உணர்ச்சி வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

இவர் வாயைத் திறந்தார். படத்திலிருந்து அந்த இரும்புக் கையை எடுத்தது நானில்லை என்று சொல்லலாம். அப்புறம், எடுத்த படத்தை நல்லா இருக்கு என்றது யார் என்று வரும். தண்ணீர் பிடிக்கப் போனார்.

அன்று மாலை குழுவில் எழுதினார்: "ஏழாவது படம் தப்பு. யாரும் செய்யாதீங்க. என் உறவுக்காரப் பையனுக்கு அடிபட்டுவிட்டது." வரைவாளர் இவருடைய பழைய பதிலைத் தேடி எடுத்து அதன் கீழே ஒட்டினார். லேத்காரர் மட்டும், "நீங்களே இப்படிச் சொல்லலாமா அண்ணே" என்று கேட்டார்.

அடுத்த வாரம் எட்டாவது படம் வந்தது. மேசைக்கு மேலே வளைந்து வரும் கை. வால் மேலே, நுனி கீழே. பென்சில் படத்தில் இருந்த அதே வளைவு. வலது மூலையில் வரைவாளரின் பெயர்.

அதைத் தன்னுடையது என்றால் ஏழாவதையும் தன்னுடையது என்றாக வேண்டும். பென்சில் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். இடது கையால் கைபேசியைத் தடவித் தடவி எட்டாவது படத்தைத் திறந்து நீட்டினான்.

"இதைப் பாருங்க மாமா. மேல ஒரு கை வச்சிருக்கான். இவ்வளவுதான் விஷயம். இவன் விவரமானவன்." கோபமில்லாமல் கேட்டான். "உங்களுக்குத் தோணலையே மாமா, ஏன்?"

வாசல்படியில் மனைவி நின்றிருந்தாள். கை இருந்த முதல் பென்சில் படத்தைப் பார்த்தவள்.

"தோணலப்பா" என்றார்.