கார்சைட் கடையின் கடைசி அட்டைகள்

ஸ்கெல்பி ஊரின் கார்சைட் பல்பொருள் கடையில் யார் வேலையை விட்டுப் போனாலும் கையில் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அந்த அட்டையை வாங்குவது, ஒரு கோப்புக்குள் ஒளித்து மாடி மாடியாகக் கொண்டுபோவது, போகிறவர் கண்ணில் படாமல் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது, கேக்குக்குச் சொல்லிவைப்பது, இத்தனையும் முப்பத்தொரு வருஷமாக நோரீன் ஆக்ராய்டின் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. ஒரு தடவை செய்தாள், அதோடு அது அவள் தலையில் விடிந்தது.

அவள் இருந்தது தரைத்தளத்தில், வாசலுக்கு நேர் எதிரே, கையுறைப் பிரிவில். உள்ளே வருகிறவரின் கையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். காலை எட்டே முக்காலுக்கு வேலை என்றால் எட்டு நாற்பதுக்கு அங்கே நிற்பாள். பனி விழுந்து பஸ் ஓடாத நாளில்கூட நடந்தே வந்தவள். ஒரு நிமிஷம் தாமதமாக வந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அட்டையில் எழுதுகிற விஷயத்தில் ஸ்கெல்பி ஊர்க்காரர்கள் மகா கஞ்சர்கள். இருபது வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் போகும்போதுகூட "எல்லா நலமும் பெறுக" என்று எழுதிக் கீழே பெயரைக் கிறுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் தாராள மனசு இருந்தால் ஒரு ஆச்சரியக்குறி சேரும். அட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று நோரீன் ஒப்பிப்பாள்.

ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறப்பதற்கு முன்னால், எல்லோரையும் கம்பளப் பிரிவுக்கு வரச்சொன்னார்கள். லண்டனிலிருந்து வந்த ஒரு மனிதர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். கடை திவால். இன்னும் ஆறு வாரம். நூற்று நாற்பது வருஷக் கடைக்கு அவர் எடுத்துக்கொண்டது நாலு நிமிஷம். முதலாளிகள் முதலில் கட்டடத்தை விற்று அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள், பிறகு மேல்மாடிச் சாப்பாட்டுக்கடையை மூடினார்கள், பிறகு ஆள் குறைத்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பானதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் கார்சைட் மூடும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

மனிதர் போனதும், வாசனைத் திரவியப் பிரிவு ட்ரிஷ்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவளால் சாவு வீட்டில்கூடச் சும்மா இருக்க முடியாது.

"ஏன்டி நோரீன், நாப்பத்து மூணு பேரும் ஒரே நாள்ல போறோமே, யாருக்குடி அட்டை வாங்குவ?"

"எல்லாருக்கும்தான்."

"பைத்தியமா உனக்கு? யாரு யாருக்குக் கையெழுத்துப் போடறது?"

"எல்லாரும் எல்லாருக்கும். வழக்கத்த விடக்கூடாது ட்ரிஷ்."

"அப்போ உனக்கு?"

"எனக்கு எதுக்கு?"

"சும்மா இரு. உன் அட்டை என் பொறுப்பு. நீ மூக்க நுழைக்காத."

அட்டைகளையும் நோரீன் கார்சைட் கடையிலேயே வாங்கினாள், அதுவும் பாதி விலையில். வழியனுப்பும் வாழ்த்து அட்டை பத்தொன்பதுதான் மிச்சம் இருந்தது. மற்றவர்களுக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. மெத்தைப் பிரிவுக்காரருக்குக் குழந்தை பிறந்ததற்கான அட்டை போயிற்று. ஆண்கள் உடைப் பிரிவு பிண்டருக்கு மட்டும் நோரீன் தேடித்தேடிக் கப்பல் படம் போட்ட பயண வாழ்த்து ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள்.

பிண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தில் அளவு நாடா தொங்க, இரண்டாம் மாடியில் கோட்டு தைத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு அளவெடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நோரீனின் கணவர் இறந்து பதினாலு வருஷம். இருவரும் பத்து நாற்பதுக்கு ஊழியர் அறையில், ஜன்னலோர மேஜையில், தேநீர் குடிப்பார்கள். அவர் காகிதத்தில் சுற்றி இரண்டு இஞ்சி பிஸ்கட் கொண்டுவருவார். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு. இருபத்திரண்டு வருஷமாக இது நடந்தது. பேச்சு மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, கால்சட்டையில் பொத்தான் முட்டிக்கொண்டு நிற்க "இடுப்பு இன்னும் முப்பத்தாறுதான்" என்று சாதிக்கிற வாடிக்கையாளர்களைப் பற்றி. அவர் அவளை மிஸஸ் ஆக்ராய்ட் என்பார், அவள் அவரை மிஸ்டர் பிண்டர் என்பாள். பழைய கடைகளில் அப்படித்தான்.

அந்தக் கடையில் வாடிக்கையாளர் அதிகமாகச் சொல்லும் சொல் "சும்மா பாக்கறேன்" என்பதுதான். எடுத்துப் பார்ப்பார்கள், போட்டுப் பார்ப்பார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாளைக்கும் கடை இருக்கும் என்ற தைரியம். ஊரைச் சொல்லி என்ன பயன்? இந்த இரண்டு பேரும் இருபத்திரண்டு வருஷமாகச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

மூடுவிழா விற்பனை என்று சிவப்பு மஞ்சளில் எழுதித் தொங்கவிட்டதும் ஊரே திரண்டு வந்தது. ஐந்து வருஷமாக வாசற்படி மிதிக்காதவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"எங்க அம்மா கையப் புடிச்சுக்கிட்டு வந்த கடை இது. நெஞ்சே வெடிச்சிரும் போல இருக்கு," என்றாள் ஒரு பெண்மணி.

"கடைசியா எப்பம்மா வந்தீங்க?" என்று கேட்டாள் ட்ரிஷ்.

"அது... இப்பல்லாம் எல்லாம் வீட்டுக்கே வந்துருதே."

"அப்ப அழுகையையும் வீட்டுக்கே வரவழைச்சிருக்கலாமே."

நோரீன் அவள் விலாவில் இடித்தாள். ஆனால் அவளுக்கும் கோபம் இருந்தது. அந்தப் பெண்மணி எழுபது சதம் தள்ளுபடியில் ஒரு ஜோடி கையுறை எடுத்து, இன்னும் குறையுமா என்று வேறு கேட்டாள்.

சாமான் தீரத்தீர, லண்டன் ஆட்கள் அலமாரி, கண்ணாடி, பொம்மை என்று எல்லாவற்றின் மேலும் விலைச்சீட்டு ஒட்டினார்கள். நாலாவது வாரம் ஊழியர் அறை ஜன்னலோர மேஜையிலும் ஒட்டினார்கள். ஏதோ முடிவெட்டும் கடைக்காரர் இரண்டு நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் நின்றுகொண்டே தேநீர் குடித்தார்கள்.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் பிண்டர் சொன்னார்.

"வீட்டக் காலி பண்றேன், மிஸஸ் ஆக்ராய்ட். அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. கடலோரம், ஸ்கார்பரோ தாண்டி. கடை மூடின மறுநாள் கிளம்பறேன்."

"ஓ. கடல் காத்து நல்லதுதான்," என்றாள் நோரீன். "போன் வச்சிருக்கீங்களா?"

"இதுவரைக்கும் தேவப்படல. அங்க போயி அக்கா மகன்கிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கணும்."

"குளிரும் அங்க."

"ஆமா. குளிரும்."

அன்று இரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நேருக்கு நேர் கேட்க அவளுக்கு வாய் வராது. அதனால் அட்டையில் எழுதுவது என்று முடிவு செய்தாள். தன் விலாசத்தை எழுதி, சேர்ந்தபின் இரண்டு வரி போடுங்கள் என்று கேட்பது. அவ்வளவுதான். அதைக்கூட மற்றவர்கள் படிக்கக்கூடாது. எல்லோரும் எழுதி முடித்தபின் கடைசியாக எழுதி உறையை ஒட்டிவிட வேண்டும். கடைசி நாளான சனிக்கிழமை ஐந்தரைக்குக் கடை மூடும், நாலு மணிக்கு மேல் எழுதிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் கடையில் விற்க எதுவும் இல்லை. லண்டன் மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கே ஷட்டர இறக்கிரலாம். வெறும் தரையக் காட்டிக்கிட்டு நின்னு என்ன ஆகப்போகுது?"

ஒன்றரைக்கு எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு தரைத்தளத்துக்கு வந்துவிட்டார்கள். அட்டைகள் கை மாறின, பேனாக்கள் கை மாறின, கல்யாண வீட்டுப் பந்தி போல ஒரே சத்தம். கப்பல் அட்டையைக் காணோம். தேடினால் மெத்தைப் பிரிவுக்காரர் அதைப் பிண்டரின் முன்னாலேயே நோரீனிடம் நீட்டினார்.

"உங்க கையெழுத்துதான் பாக்கி. போடுங்க, போடுங்க, மனுஷன் நின்னுக்கிட்டு இருக்கார்."

பிண்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர். ட்ரிஷ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். நோரீன் பேனாவை எடுத்தாள். விலாசத்தின் முதல் எண்ணைக்கூட அவள் எழுதவில்லை. "எல்லா நலமும் பெறுக. நோரீன் ஆக்ராய்ட்" என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து ஒரு ஆச்சரியக்குறி சேர்த்தாள்.

வாசலில் ட்ரிஷ் அவளைக் கட்டிப்பிடித்து, ஒட்டிய உறை ஒன்றைக் கையில் திணித்தாள். "உன்னோடது. அட்டையே கிடைக்கல, சீக்கிரம் குணமாகன்னு போட்டதுதான் இருந்துச்சு. கோச்சுக்காத."

பிண்டர் கை குலுக்கினார். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது, கழற்ற மறந்துவிட்டார் போலும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. எட்டரை அளவு என்று அவள் மனசு தானாகச் சொன்னது.

"உங்க அட்டைய..." என்று ஆரம்பித்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நேரம் கிடைக்கறப்ப பாருங்க, மிஸஸ் ஆக்ராய்ட். ஒண்ணும் அவசரமில்ல."

"பாக்கறேன், மிஸ்டர் பிண்டர். போய்ட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து உறையைக் கணப்புக்கு மேலே கடிகாரத்துக்குப் பின்னால் செருகினாள். பிரிக்க மனம் வரவில்லை. தன்னை நினைத்தாலே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே என்ன பெரிய புதையலா இருக்கப்போகிறது? முப்பத்தொரு வருஷம் பார்த்தாயிற்று. நாற்பத்திரண்டு தடவை எல்லா நலமும் பெறுக என்று படிக்க இன்றைக்குத் தெம்பில்லை.

ஞாயிறு காலை உருளைக்கிழங்கு தோல் சீவினாள். வீட்டுக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ஒரு ரயில் கடந்து போனது, வழக்கம்போல அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. இதில்தான் அவரும் போகிறாரோ என்று நினைத்தாள். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பதின்மூன்று. கடிகாரத்துக்குப் பின்னால் உறையின் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. மீண்டும் கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

திங்கள் காலை ஆறரைக்கே எழுந்து, தலை சீவி, கோட்டு மாட்டி, பஸ் நிறுத்தம் வரை போய்விட்டாள். பஸ் வந்து கதவைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஏறலயா, கண்ணு?" என்றார் ஓட்டுநர்.

"இல்ல. சும்மா நிக்கறேன்."

திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உறையை எடுத்துக் கிழித்தாள். அட்டையில் வாயில் வெப்பமானி வைத்த ஒரு கரடி. உள்ளே அவள் ஒப்பித்தபடியேதான் இருந்தது. எல்லா நலமும் பெறுக, எல்லா நலமும் பெறுக. ட்ரிஷ் மட்டும் "இனி உன்ன யாருடி மேய்க்கறது?" என்று எழுதியிருந்தாள். கீழே வலது மூலையில், அளவுப் புத்தகத்தில் எழுதுவதுபோலப் பொடிப்பொடியாக, மற்ற எல்லோரும் எழுதி முடித்தபின் பிண்டர் எழுதியது:

"நாளை ஞாயிறு, பதினொன்று பத்து ரயில், இரண்டாவது நடைமேடை. வழியனுப்ப யாரும் சிரமப்பட வேண்டாம். ஆனால் பத்து நாற்பதுக்கே அங்கே வந்துவிடுவேன். பிஸ்கட் இரண்டு கொண்டுவருகிறேன். டெஸ்மண்ட்."

அவருடைய அக்காவின் வீட்டு விலாசம் இல்லை. தேடிப்பார்க்கலாம் என்றால் அக்கா புருஷனின் பெயரும் அவளுக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், விலைச்சீட்டுதான் இருந்தது.

ஒரு நிமிஷம் தாமதமாக வந்தறியாத நோரீன், கோட்டோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் பத்து நாற்பதுக்கே வந்து நின்றிருப்பார். பதினொன்று பத்து வரை நடைமேடைப் படிக்கட்டையே பார்த்திருப்பார். இரண்டு பிஸ்கட்டையும் அவரே தின்றிருக்க மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.