ஐந்தாவது துணுக்கு

நெமிலிச்சேரிக் கன்னியப்பன் ஈ வளர்த்தவர். கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பட்டணத்துக் கல்லூரியொன்றின் உயிரியல் கூடத்தில் கண்ணாடி கழுவப் போனவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கிருந்த பழைய புத்தகங்களைப் படித்துத் தேறியவர். கல்லூரி கழித்துப்போட்ட நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கியபோது, கொடுத்ததற்குக் கையெழுத்துச் சீட்டும் கேட்டு வாங்கினார். சீட்டில்லாத பொருள் தம்மைப் போன்றவரிடம் இருந்தால் திருட்டு என்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் பழ ஈக்கு நான்கு இணை. 1940-இல் ஈயின் புழுவொன்றின் மூளையைச் சாயமேற்றி நசுக்கிப் பார்த்தபோது, ஐந்தாவதாக ஒரு துணுக்கு தெரிந்தது. உயிரணு ஓய்ந்திருக்கையில் மற்றவை இழை பிரிந்து மங்கிவிடும். இதுவோ எந்நேரமும் இறுகிக் கறுத்தே கிடந்தது. நான்காம் இணையிலிருந்து உடைந்து வந்திருக்கலாம் என்று கருதினார். அதனால் ஈக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆயினும் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்ட அது, தலைமுறைகள் செல்லச் செல்ல அவர் வளர்த்த ஈக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் குடியேறிவிட்டது. உதவாத துண்டொன்று நிலைபெறுவதைக் கண்ணால் காணக் கிடைத்த அந்தப் பரம்பரை அழிந்தால், வேறெங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியாது.

ஈக்குத் தீனி, கேழ்வரகுக் கூழ். அதில் வெல்லம் கரைத்து, நொதிப்பதற்குக் கள்ளின் அடிவண்டல் சேர்த்து, பால்புட்டிகளில் ஊற்றிப் பஞ்சடைப்பார். அந்த வாடைதான் 1944 ஆடியில் கள்ளச்சாராயம் பிடிக்கும் அப்காரிப் பியூன் துலுக்கானத்தை இரண்டு ஆட்களுடன் வாசலுக்கு இழுத்து வந்தது.

“இன்னாடா, ஊருக்கே ஊறல் போட்டுகினு கீறியா?”

ஈக்கு வைத்த தீனி, சாராய ஊறல் அல்ல என்று கன்னியப்பன் கைகூப்பிச் சொன்னார்.

“ஆடு வளக்கிறவன பாத்துகீறேன், மாடு வளக்கிறவன பாத்துகீறேன். ஈ வளக்கிறவன இப்பத்தான்டா பாக்குறேன்.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் தடி அலமாரியில் இறங்கியது. கூழும் கண்ணாடியும் சுவரெங்கும் தெறித்தன. மிஞ்சிய ஒரு புட்டியை மனைவி வேம்புலியம்மாள் வயிற்றோடு அணைத்துக் குந்திக்கொண்டாள். அவள் விலாவில் உதை விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் அவள் விடவில்லை. துலுக்கானம் அவள் விரல்களை மிதித்துப் புட்டியைப் பறித்தான்.

“ஊறல் இல்லன்னியே. குடிச்சிக் காட்டு, உட்டுட்றேன்.”

“குடிச்சிடுய்யா,” என்றாள் அவள், தரையிலிருந்து. “நீ உள்ள போயிட்டா நா இன்னா பண்ணுவேன்?”

ஆடிக்கூழ் குடித்து வளர்ந்த வாய்தான். ஆனால் கண்ணாடியின் உட்புறத்தில், அந்தப் பரம்பரையில் மிஞ்சிய புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. கன்னியப்பன் புட்டியை வாங்கிப் பஞ்சைப் பிடுங்கினார். ஈக்கள் புகைபோல் எழும்பி வெயிலுக்குப் போயின.

துலுக்கானம் அவர் தாடையைப் பிளந்து புட்டியின் வாயைத் திணித்தான். முன்பல் இரண்டு உடைந்தன. ரத்தமும் கூழுமாகக் காறித் துப்பிய கன்னியப்பன், புட்டியைப் பிடுங்கி அவன் முகத்திலேயே அறைந்தார். அவனுக்கு இடது கண் போயிற்று. மற்ற இருவரும் அவரது வலக்கையைக் கல்லின்மேல் வைத்து, விரல் விரலாகத் தடியால் நசுக்கினார்கள்.

ஊறல் வைத்த குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. அரசு ஊழியரைத் தாக்கியதற்கு இரண்டாண்டு கடுங்காவல். தீர்ப்பின் நகலில் ஈ என்ற சொல்லே கிடையாது. பெண்ணின் விலா முறிந்ததும் இல்லை.

வெளியே வந்தபோது விரல்கள் மடங்கவில்லை. அன்று பறந்துபோனவற்றின் வழி ஏதும் மிஞ்சியிருக்குமா என்று, பக்கத்துத் தோப்பில் பழத்தோல் போட்ட பானையை வைத்து ஈ பிடித்தார். புழுவைக் கிழிக்கும் ஊசியை வேம்புலியம்மாள் பிடித்தாள். புழுவுக்குப் புழு நான்கு இணைதான். பல நாள் கழித்து ஒருநாள் அவள் நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“ஓரமா ஒண்ணு கீதுய்யா. கரியா.”

அவர் அவளை விலக்கிப் பார்த்தார். இருந்தது.

கிழித்த புழு செத்துவிட்டது. அதன் உடன்பிறந்தவை பானையில் நெளிந்தன. வேம்புலியம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூழ் காய்ச்ச அடுப்பு மூட்டினாள்.