கொக்கிக்குக் கீழே நின்ற அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. சாயர்புரத்தில் பிறந்தார். அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்ததால் படிப்பை விட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். பிறகு கிரேனுக்கு சிக்னல் கொடுப்பவரானார். என்னைக் கரையேற்றியது அந்தக் கைகள்தான். ஆனால் சரியான முன்கோபி. "அதையெல்லாம் நினைவு மலர்ல போட்டுறாத" என்றார் மதினி. போட்டால்தானே அது அண்ணன்!

கிரேன் கேபினிலிருந்து பார்த்தால் கப்பலின் உள்ளே பாதிதான் தெரியும். சிக்னல் கொடுப்பவரின் கையை நம்பித்தான் வேலை. ஆள்காட்டி விரல் மேல்நோக்கிச் சுழன்றால் ஏற்ற வேண்டும். கை மூடினால் நிறுத்த வேண்டும். கிரேன் பழக வந்த கலாவை அண்ணனிடம் விட்டிருந்தார்கள். ஒருநாள் கப்பலுக்குள் நின்ற தொழிலாளி ஒருவர், தண்ணீர் பாட்டிலைக் கீழே போடச் சொல்லி மேலே நின்றவரிடம் கை காட்டினார். கலா அதை சிக்னல் என்று எடுத்துக்கொண்டு சுமையை இறக்கிவிட்டார். மூட்டைகள் சிதறின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

அண்ணன் போட்ட சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டதாம். மறுநாள் தொழிலாளர்கள், "அந்தப் பிள்ள கொக்கிக்குக் கீழ நாங்க நிக்க மாட்டோம்" என்று ஒதுங்கிவிட்டார்கள். யாரும் இறங்காவிட்டால் கலாவின் வேலை அன்றோடு போயிருக்கும்.

அண்ணன் ஏணி வழியாகத் தாமே உள்ளே இறங்கி, வாக்கிடாக்கியை எடுத்தார்.

"ஏளா கலா, என் கைய மட்டும் பாரு. நான் இங்கனதான் நிக்கேன்."

"பயமா இருக்கு அண்ணாச்சி. தள்ளிப் போங்க."

"எனக்கில்லாத பயம் ஒனக்கு என்னத்துக்கு? எறக்கு!"

சுமை அவர் பக்கத்தில் மெதுவாக வந்து உட்கார்ந்தது. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள்.

கடைசி மாதங்களில் தொண்டை நோயால் அண்ணனின் குரல் போய்விட்டது. விரலை அசைப்பார், தண்ணீரா, போர்வையா என்று நாங்கள் தடுமாறுவோம், அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அழுகையாக வரும் எங்களுக்கு. கலா பார்க்க வந்த அன்றும் விரல் சுழன்றது.

"அக்கா, அண்ணாச்சி தலமாட்டத் தூக்கச் சொல்லுதாவ" என்றார் மதினியிடம். கலாவே குனிந்து, அண்ணன் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மருத்துவமனைக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றினார். அண்ணனின் கை மூடியது. கலா நிறுத்தினார். அன்று அண்ணன் நிம்மதியாகத் தூங்கினார்.

உடனிருந்து ஜெபித்தவர்களுக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கலாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அந்த சிக்னல்களை அன்றே எங்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அண்ணன் எங்கள்மேல் கோபப்படவே இல்லை.

— தங்கை