ஆம்ப்ரோஸின் மிரர் மிஷின்

பெங்களூரில் பீன்யாவைத் தாண்டியிருந்த எங்கள் பொறியியல் கல்லூரியில் ஆம்ப்ரோஸ் லேப் அசிஸ்டென்ட். பதினோரு வருடமாகியும் தற்காலிகம்தான். அதில் அவனைவிட எனக்குத்தான் எரிச்சல். கேட்டால் அவன் சிரிப்பான்.

2004-இல் எங்கள் இணைய லைன் ஆமை வேகம். அதனால் வெளிநாட்டு சர்வரில் இருந்த லினக்ஸ் மென்பொருள் அத்தனையையும் நாலு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, லேபில் ஒரு பழைய மிஷினில் அப்படியே நகல் வைத்திருந்தான். மிரர் என்போம். தினமும் காலையில் அது வெளி சர்வரைப் பார்க்கும். அங்கே புதிதாக வந்ததை எடுத்துக்கொள்ளும். அங்கே இல்லாததை இங்கேயும் அழித்துவிடும். டிஸ்க் சின்னது, வேறு வழியில்லை.

திங்கட்கிழமை பல்கலைக்கழகக் குழு ஆய்வுக்கு வருவதாக இருந்தது. அதற்காக வாங்கிய அறுபது கம்ப்யூட்டர்கள் வெள்ளிக்கிழமைதான் வந்து இறங்கின. அறுபதிலும் மிரரிலிருந்துதான் லினக்ஸ் ஏற்ற வேண்டும். குழு வரும்போது அறுபதும் ஓடினால் ஆம்ப்ரோஸை நிரந்தரமாக்குவதாக முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார். அவன் மனைவி ஜூலியா அதற்காகக் கோயிலில் நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பையன்கள் சினிமாப் பாட்டு இறக்கியே லைனை அடைத்தார்கள். வெளி இணைப்பை முழுதாக மூடச் சொல்லி ஆம்ப்ரோஸ் கடிதம் எழுதினான். நெட்வொர்க் அறையைப் பார்த்துக்கொண்டது நான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவன் திரும்பினான். கொஞ்சம் என்பதற்கு அவன் வாயில் எப்போதும் கன்னட 'சொல்ப'தான் வரும்.

"ரவி, என் மிரர் மிஷின மட்டும் தொடாதப்பா. லெட்டர்ல எழுத மறந்துட்டேன். சொல்ப ஞாபகம் வெச்சுக்கோ."

சரி என்றேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லாவற்றையும் மூடினேன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். வேறு காரணம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சனிக்கிழமை காலை மிரர் வழக்கம்போல் வெளியே போனது. அனுமதி இல்லை என்ற எங்கள் வெற்றுப் பக்கம்தான் அதற்குக் கிடைத்தது. வெளி சர்வரிலேயே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டது.

ஆம்ப்ரோஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடனே லைனைத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த வேகத்தில் எல்லாம் திரும்பி வர மாதக்கணக்காகும். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஆம்ப்ரோஸ் கடை கடையாக அலைந்து ஒரு பழைய லினக்ஸ் சிடி வாங்கி வந்தான். புது மிஷின்கள் பலவற்றில் அது ஏறவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் ஒவ்வொரு மிஷினாகப் போட்டுப் பார்த்தான். மத்தியானம் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதான். டீ வாங்கிக் கொடுத்தேன். மொத்தம் ஒன்பதுதான் ஓடின.

குழு பார்த்துவிட்டுப் போனதும் முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மிரர் மிஷினை விட்டுவிடும்படி ரவியிடம் வாயால் சொல்லியிருந்தேன் என்றான் ஆம்ப்ரோஸ். முதல்வர் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல சார்."

ஆம்ப்ரோஸ் என் முகத்தைப் பார்த்தான். பிறகு முதல்வர் பக்கம் திரும்பினான்.

"ஆமா சார். நான் எழுதல."

அன்றோடு அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.