உப்பு பார்க்காத பண்டாரி

மாமுவின் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். அது மேலெழ வெகுநேரம் ஆகும். 1960களின் தொடக்கத்தில் திண்டுக்கல் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிய பண்டாரி அவர். என் அம்மாவின் அண்ணன். உப்பு பார்க்கிறேன் என்று, தேக்சா என்கிற அந்தப் பெரிய அண்டா ஒவ்வொன்றிலும் கொழுப்புக் கறியாக எடுத்துத் தின்பார். நல்லி எலும்பையும் விடமாட்டார். முழங்கால் வரை வீங்கியது, தலை சுற்றியது. "ரத்தக் கொதிப்பு முத்திருச்சு. உப்பையும் கொழுப்பையும் கொறைங்க, தினம் நடங்க. இல்லன்னா மக கல்யாணத்தப் படுத்துக்கிட்டுத்தான் பாக்கணும்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மகள் கல்யாணச் சோற்றைத் தன் கையால் ஆக்க வேண்டும் என்பதுதான் மாமுவின் ஒரே ஆசை. சுருக்கென்று தைத்தது.

மாமி அன்றே உப்புச் சாடியைப் பரணில் ஏற்றினார். "ஒரு வீட்டுல ரெண்டு உலையா? அம்புட்டுப் பேரும் சப்புனுதான் திங்கணும்" என்றார். பாவம், பிள்ளைகள்! கருவாடும் ஊறுகாயும் போய்க் கீரையும் கம்பங்கூழும் வந்தன. மாமு பல்லைக் கடித்துக்கொண்டு தின்றார். வலிக்க வலிக்க மலைக்கோட்டை அடிவாரம் வரை தினமும் நடந்தார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது.

அப்புறம்தான் வந்தது வினை. ஒரு கல்யாணத்தில் பிரியாணி உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது. வீட்டுச் சோற்றுக்குப் பழகிய நாக்குக்கு அரை உப்பே கரித்திருக்கிறது! "என்ன பண்டாரி, பத்தியச் சோறா ஆக்கிருக்கீக?" என்று பந்தியிலேயே கேட்டார்கள். "தொழிலுக்குப் போற அன்னிக்காவது உப்பத் தின்னுங்க மச்சான்" என்றார் என்னைப் பெற்ற அத்தா. மாமு அசையவில்லை. "உப்பு பாக்க ஊருல ஆயிரம் நாக்கு இருக்கு. நான் நிக்க இந்த ரெண்டு காலுதான்."

அதன்பிறகு கல்யாண வீட்டுக்காரரையே கூப்பிட்டு உலைத் தண்ணீரை ருசி பார்க்கச் சொன்னார். தன் தேக்சாவில் அடுத்தவர் கரண்டியை விடுவது பண்டாரிக்குக் கேவலம். மற்றப் பண்டாரிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்று என் வீட்டில் கொதிப்பு மாத்திரையும் இருக்கிறது, ஊறுகாயும் இருக்கிறது; அந்த வைராக்கியம்தான் இல்லை.

மகள் கல்யாணத்தன்று வீட்டுக்காரரே அவர்தான். யாரைக் கூப்பிடுவது? நேரே போய் மாப்பிள்ளையின் அத்தாவை அடுப்படிக்கு அழைத்து வந்தார். சம்பந்தி கையிலேயே கரண்டியைக் கொடுப்பதா என்று எங்களுக்கெல்லாம் திக்கென்றது. சம்பந்தி ஒரு வாய் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கை போடுங்க" என்றார். மாமு சிரித்தபடி அள்ளிப் போட்டார். கடைசிப் பந்தி எழும்வரை இலைக்கு இலை தானே நடந்து பரிமாறினார். யாரும் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.