இரண்டாம் தரம்

ஊன்றுகோல்தான் முதலில் இறங்கியது. மாடிப்படி முழுவதும் தடதடத்துக்கொண்டு போய், கீழே வாளியும் கையுமாக நின்ற சாவிக்காரரின் காலடியில் விழுந்தது. சற்றுப் பொறுத்து அதன் சொந்தக்காரன் வந்தான். ஒரு படியில் உட்கார்ந்து, சறுக்கி, அடுத்த படியில் உட்கார்ந்து.

"மறுபடியும் பேன்ட் கிழிஞ்சிருச்சா?" என்றார் சாவிக்காரர். மாணவர் விடுதியின் கதவு, குழாய், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு.

"இல்லீங்க. இது பழைய கிழிசல்."

லிஃப்ட் கெட்டுப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதற்கான உதிரி பாகம் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கப்பலைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் அறை மேல்மாடியின் கோடியில். பிறவியிலேயே வலது கால் சூம்பிப்போனவனுக்கு ஏறுவது பாடு என்றால் இறங்குவது பெரும்பாடு. ஆய்வுக்கூடத்தில் மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அவனுக்குப் பழகிவிட்டது. இனி ஒரு தடவை தவறினால் செய்முறைப் பாடத்தை அடுத்த ஆண்டு முதலிலிருந்து படிக்க வேண்டும். உதவித்தொகை அதுவரை வராது. படிக்க வந்த தேசத்திலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சாவிக்காரர் ஊன்றுகோலைத் துடைத்துக் கொடுத்தார். "கீழ ஒரு ரூம் காலியா கிடந்துச்சு. யாரும் கேக்கல. அத சைக்கிளுக்குக் குடுத்துட்டாங்க. மழையில நனையுதாம்."

"அப்படியா?"

"நாளைக்கு உள்ள வருது. வந்துட்டா அதுங்கள நகத்த முடியாது. வேணும்னா இப்பவே ஆபீஸ்ல போய்க் கேளு."

ஊரிலிருக்கும் அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டுப் போனான். மாணவர் நல அலுவலகத்தின் அதிகாரி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "மாடிப்படி ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்றாள்.

பரவாயில்லை என்று அவன் மனதில் ஓடியது. அந்த ஊர் மொழியில் அதற்குச் சரியான சொல் கிடையாது. வந்த நாளிலிருந்து அவன் அந்த இடத்தில் போட்டுவந்த சொல்லுக்கு 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று பொருள். அதைத்தான் சொன்னான்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். வளர்ந்த வளர்ப்பு அப்படி. காப்பி வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்பான். இரண்டாம் தரம் கேட்டால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பான். அதற்குள் காப்பி வந்துவிடும்.

அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. முகம் மலர்ந்து, "ரொம்ப சந்தோஷம். உங்கள மாதிரி ஆளப் பாத்தா எங்களுக்கே தெம்பா இருக்கு" என்றாள்.

அவளுக்கு அவகாசம் கொடுப்பதற்காக அவன் குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். ஜன்னலோரச் செடியைப் பாராட்டினான். அவள் செடியின் பெயரைச் சொன்னாள். அறையில் பாராட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. வாசல்வரை வந்து கைகொடுத்து வழியனுப்பினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அக்காவைப் போனில் கூப்பிட்டான். அக்கா பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். 'அடுத்தது' சொல்லிச் சொல்லி உரமேறிய தொண்டை.

"என்னடா, ரூம் கிடைச்சுதா?"

"அவங்க ரெண்டாவது தடவ கேக்கலக்கா."

"நீ என்ன சொன்னே?"

"பரவாயில்லைன்னேன். சரின்னுட்டாங்க."

அந்தப் பக்கம் யாரோ பல்வலியில் முனகுவது கேட்டது. அதற்கு மேல் அக்கா குரலை உயர்த்தினாள்: "சம்பந்தி வீட்டுக்காடா போயிருந்தே, விழுந்து விழுந்து உபசாரமா பேச? வேணும்னு சொன்னா என்ன, வாய் சுட்டுருமா?"

"வாயில வரலக்கா."

"நான் வர வைக்கிறேன். தண்ணி வேணுமா?"

"இல்லக்கா, இப்பதான்..."

"உத வாங்குவே. சேர் வேணுமா?"

"இருந்தா நல்லாருக்கும்."

"இருந்தா கிருந்தா கூடாது. ஒத்த வார்த்த."

"வேணும்" என்றான். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பெஞ்சின் மறுமுனையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த பெண் ரொட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இதே மாதிரி உள்ள போய்ச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டு போன சட்டைப் பையில வச்சுக்க."

அதிகாரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றபடி, "வேணும்" என்றான்.

"என்ன வேணும்?"

அதற்கு அவன் பயிற்சி எடுத்திருக்கவில்லை. "கீழ இருக்கற ரூம்."

"இப்பதானே ஒரு குறையும் இல்லைன்னீங்க?"

"இருக்குங்க. நிறைய இருக்கு."

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. படி, பேன்ட், சாத்திய கதவு, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதது, எல்லாம் வந்தது. செடியைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவன் திரும்பப் பெறவில்லை.

அவள் பையைக் கழற்றி வைத்தாள். "அந்த ரூம சைக்கிளுக்குன்னு சொல்லிட்டேனே. அதுங்க எங்க போகும்?"

"ஆமா, பாவம், அதுங்களும் மழையில..."

"டேய்" என்றது சட்டைப் பை. மொழி புரியாவிட்டாலும் அவன் குரல் இளகியது அதற்குப் புரிந்துவிட்டது.

"யாரது?"

"எங்க அக்கா."

"என்ன சொல்றாங்க?"

அவன் மொழிபெயர்த்தான்: "ரூம் வேணுங்கறாங்க."

அதிகாரி சட்டைப் பையைச் சற்றுக் குனிந்து பார்த்து, "சரிங்கம்மா, குடுத்துடறேன்" என்றாள்.

"அடுத்தது" என்றது சட்டைப் பை. அங்கே யாருக்கோ பல் பிடுங்கும் முறை வந்திருந்தது.

மறுநாள் மழை பெய்தது. சாவிக்காரர் விடியும்போதே பெட்டியையும் படுக்கையையும் கீழே கொண்டுவந்து போட்டார். சைக்கிள்கள் தாழ்வாரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றன. வேறு ஏதாவது வேண்டுமா என்று அவர் கேட்டார். குளியலறையில் ஒரு கைப்பிடி வேணும் என்றான். சாயங்காலம் மாட்டித் தருவதாகச் சொல்லி, மாட்டியும் தந்தார். அன்று காலை ஆய்வுக்கூடத்துக்கு மணி அடிக்குமுன்பே போய்விட்டான். கதவு பூட்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துச் சாவியை வைத்திருப்பவர் இன்னும் வரவில்லை.